ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை: குமரி மாவட்டப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

ஆங்கிலம் நடத்த இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள், முதல் மாதம் முடிவதற்குள் என்னிடம் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார்கள். "சார், பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை." பி.எட். பயிற்சிக்கு வந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) தரும் சம்பளத்தில் சேர்ந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள், வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் இருபத்தாறு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். ஆர்வமே இல்லாத பிள்ளைகளை நான் பார்த்தது மிகக் குறைவு. ஆர்வமில்லை என்று நாம் முடிவுகட்டுவதில் பெரும்பங்கு உண்மையில் கூச்சம். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: தலை குனிந்திருக்கும், வாய் திறக்காது, நோட்டு வெறுமையாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. ஆர்வம் இல்லாதவனுக்குக் காரணம் காட்ட வேண்டும். கூச்சப்படுகிறவனுக்கு ஏற்கெனவே ஆயிரம் காரணம் தெரியும், அவனுக்கு வேண்டியது பயமில்லாமல் ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க ஓர் இடம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். மாநிலத்திலேயே அதிகம். நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-லேயே வந்துவிட்டது. இதையெல்லாம் கேள்விப்பட்டு வருபவர்கள், இங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தில் பொளந்து கட்டுவார்கள் என்று நினைத்து வருகிறார்கள். ஆனால் மிடாலத்திலோ பேச்சிப்பாறையிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கடையிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் வீட்டிலும் ஆங்கிலம் இல்லாமலே எல்லாம் நடந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அது அந்நிய மொழிதான். வாரத்துக்குச் சில பீரியட் மட்டும் உயிரோடு இருக்கும் மொழி. இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதல் வாரம்: ஒரு தாள், மூன்று கேள்வி

முதல் வாரம் பாடத்தைத் திறக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, தமிழிலேயே மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக எங்கே ஆங்கிலம் கேட்டாய்? உன் வீட்டில் யாருக்கு, எதற்கு ஆங்கிலம் வேண்டியிருக்கிறது? ஆங்கிலத்தால் உனக்கு எப்போது வெட்கமாக இருந்தது?

பெயர் எழுதச் சொல்லலாம். ஆனால் வகுப்பில் யார் தாளையும் படித்துக் காட்ட மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளை மலையாளத்தில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். ஃபுட்பால் கமென்ட்ரி என்று எழுதுவார்கள், குறிப்பாகத் தூத்தூர், வள்ளவிளை பக்கத்துப் பையன்கள். போன் கேம் என்று எழுதுவார்கள். அக்கா நர்சிங் முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஓ.இ.டி. (நர்சுகள் வெளிநாட்டு வேலைக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வு) கோச்சிங் போகிறாள், அவள் ராத்திரி சத்தமாகப் பேசிப் பார்ப்பாள் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கன்னியாகுமரியில் சங்குக்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு விலை மட்டும் இங்கிலீஷில் சொல்லத் தெரியும் என்று ஒருவன்.

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது இப்போதும் நினைவிருக்கிறது. அப்பா பஹ்ரைனில் மீன்பிடி வேலை. லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அங்கிருந்து முதலாளி போன் செய்திருக்கிறார். அப்பா போனை இவனிடம் நீட்டி, "நீ படிக்கிறவன்லா, பேசு" என்றார். இவன் காதில் வைத்தான், மறுமுனையில் ஏதோ கேட்டார்கள், இவன் கட் பண்ணிவிட்டான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அப்பா ஒண்ணும் சொல்லல்ல."

அந்தப் பையனை நான் அதுவரை சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் என்ன நடத்த வேண்டும் என்பதற்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது.

காரணத்தைப் பக்கத்தில் கொண்டுவருவது

கனடாவில் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1959-ல் மொழி கற்பவர்களின் ஊக்கத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். வேலை, மதிப்பெண், பயன் என்று வருவது ஒன்று. அந்த மொழி பேசும் மனிதர்களோடு கலந்து பழக வேண்டும் என்று வருவது இன்னொன்று. அவர்கள் பார்த்தது மான்ட்ரியலில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளை. அங்கே பக்கத்துத் தெருவிலேயே பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் இருந்தன. நம் ஊரில் பக்கத்துத் தெருவில் ஆங்கிலேயர் யாரும் இல்லை. அதனால் இரண்டாவது வகை இங்கே பொருந்தாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், முதல் வகையை மட்டும் பிடித்துக்கொண்டு, "இங்கிலீஷ் படிச்சாத்தான் வேலை" என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அது உண்மைதான். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வேலை என்பது பத்து வருடத்துக்கு அப்பால் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் அது பிள்ளையை எழுப்பி உட்கார வைக்காது.

ஹங்கேரிக்காரரான மொழிக் கல்வி ஆய்வாளர் ஸோல்டான் டோர்னியே 2005-ல் இதையே வேறு விதமாக வைத்தார். அந்த மொழியைப் பேசும் ஆளாகத் தன்னைத்தானே பிள்ளை மனதில் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி என்றார். இது நம் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நான் சொன்ன பையனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் தன் உருவம் தெரியாது. ஆனால் அப்பாவின் போனை வாங்கி நான்கு வாக்கியம் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் தன் உருவம் தெரியும். அந்த அளவுக்குக் காரணத்தைப் பக்கத்தில் இழுத்துவர வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை அது வேறாக இருக்கும், அதற்குத்தான் அந்தத் தாள்.

ஊரைத் தெரிந்துகொள்வது

சிறிய மாவட்டம்தான். ஆனால் ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் வாழ்க்கை வேறு.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்ட வேலை. அப்பாவோ அம்மாவோ விடியும் முன்னே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பால் வெட்டப் போயிருப்பார்கள். சில வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு போய்ச் சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும். முதல் பீரியடில் அந்தப் பிள்ளை கண்ணசந்தால் அது உங்கள் பாடத்தின் மீதுள்ள வெறுப்பு அல்ல. எழுந்து நின்று செய்யும் வேலையை முதல் பத்து நிமிடத்தில் வையுங்கள், சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வேலையை வைக்காதீர்கள்.

கடலோரத்தில் பெற்றோரைப் பார்க்க ஒரு நல்ல காலம் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தங்கல் தொழிலுக்குப் போகும் அப்பாக்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். ஆகஸ்டில் கூட்டம் போட்டுவிட்டு அப்பாக்கள் யாரும் வரவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மேற்குக் கரைப் பள்ளி என்றால் பள்ளி திறந்த கையோடு ஜூன், ஜூலையிலேயே கூப்பிடுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் (சர்ச்சில்) அறிவிப்புச் சொல்லச் சொன்னால் ஊர் முழுவதும் போய்ச் சேரும்.

கேரள எல்லைப் பக்கம் வீட்டில் மலையாளம், வெளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, அந்தத் தொடர்ச்சி இது. இந்தப் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "பாட்டியிடம் ஒரு மொழி, என்னிடம் ஒரு மொழி. யோசிக்காமலே மாற்றி மாற்றிப் பேசுகிறாய். மூன்றாவதும் அதே வேலைதான்." இதை யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை. இரண்டு மொழி தெரிந்தது ஒரு திறமை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

கூச்சத்தைக் குறைப்பது

இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

என் முதல் ஆண்டில் ஒரு தவறு செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து "ஷீ கோ டு மார்க்கெட்" என்று தொடங்கினாள். மீன் விற்கப் போகும் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தாள். நான் "கோஸ், கோஸ்" என்று இடையில் திருத்தினேன். அவள் மறுபடியும் தொடங்கினாள். "டு தி மார்க்கெட்" என்று திருத்தினேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் என் வகுப்பில் பேசவில்லை. அவள் அம்மாவைப் பற்றி என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன்.

பிள்ளை பேசி முடிக்கும் வரை திருத்துவதில்லை. முடித்ததும் முதலில் அவள் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்வேன், என் பதிலில் சரியான வடிவம் தானாக வந்துவிடும். "ஓ, ஷீ கோஸ் டு தி மார்க்கெட்? அட் வாட் டைம்?" என்று கேட்டால் போதும். அவள் காதில் "கோஸ்" விழுந்தது, மானமும் போகவில்லை, பேச்சும் நிற்கவில்லை. எழுத்தில் திருத்தும்போதும் ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அது மட்டும். பக்கம் முழுவதும் சிவப்பு மை பார்த்த பிள்ளை எதையும் படிப்பதில்லை, நோட்டை மூடிவிடுகிறது.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, தானாகப் பேச முன்வருபவர்களும் கூடுகிறார்கள். அதுவும் தாய்மொழியில் நடந்த வகுப்புகள். நம் பிள்ளை தமிழில் யோசித்து, வார்த்தை தேடி, வரிசைப்படுத்தி, பிறகு வாயைத் திறக்க வேண்டும். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணுவேன். முதல் சில நாள் அந்த மௌனம் உங்களுக்கே சங்கடமாக இருக்கும், பழகிவிடும்.

பெயர் சொல்லி எழுப்புவதற்கு முன்னால் பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்க விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒருமுறை வாயில் வந்த வாக்கியம் இரண்டாம் முறை எளிதாக வரும். அறுபது பேர் முன்னால் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை உருவாக்குவது பெரியவர்களுக்கே முடியாத காரியம்.

சிரிப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒருவன் தடுமாறும்போது மற்றவன் சிரித்தால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள். நான் கடுமையாக நடந்துகொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

அப்புறம், தமிழ் பேசினால் அபராதம் என்ற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அம்மா பேசும் மொழியைத் தண்டனைக்குரியதாக ஆக்கிவிட்டு, இன்னொரு மொழியின் மேல் பிரியம் வர வைக்க முடியாது. பீரியடில் பத்து நிமிடம் மட்டும் முழுக்க ஆங்கிலம் என்று வையுங்கள், எல்லோருக்கும் தெரியும்படி போர்டில் நேரம் எழுதிவையுங்கள். பத்து நிமிடம் என்றால் தாங்கிக்கொள்ள முடியும் என்று பிள்ளைக்குத் தோன்றும். டிசம்பருக்குள் அது தானாகவே இருபது நிமிடம் ஆகிவிடும்.

சக்கையில் தொடங்கும் ஒரு பாடம்

இரண்டாம் வாரத்தில் நான் எப்போதும் செய்யும் ஒரு வகுப்பு உண்டு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சக்கை என்றால் இங்கே பலாப்பழம்.

போர்டின் இடது பக்கம் தமிழில் எழுதுவேன்: கட்டுமரம், கயிறு, சக்கை, வெற்றிலை, தேக்கு, கொப்பரை, சுருட்டு, மாங்காய். "இதில் எதெல்லாம் உங்க வீட்டில் இருக்கு?" என்று கேட்டால் போதும், வகுப்பு சத்தமாகிவிடும். வாழைத்தோட்டக்காரன் பிள்ளை, கயிறு திரிக்கிறவர் பிள்ளை, வள்ளக்காரர் பிள்ளை எல்லோரும் கை தூக்குவார்கள். சக்கைக்குக் கை தூக்காத பிள்ளை இந்த மாவட்டத்தில் கிடையாது.

பிறகு வலது பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவேன்: கேட்டமரான், காயர், ஜாக்ஃப்ரூட், பீட்டல், டீக், கோப்ரா, செரூட், மேங்கோ. கோடு போட்டு இணைக்கச் சொல்வேன். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அப்போது சொல்வேன்: இதெல்லாம் நம்மிடமிருந்து அவர்களுக்குப் போனது. கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து போயின. சக்கை, வெற்றிலை, தேக்கு, கொப்பரை எல்லாம் இந்த மேற்குக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் மலையாளத்தில் கேட்டு எடுத்துக்கொண்டு போய், அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குச் சேர்ந்தவை. சக்க என்பதுதான் அவர்கள் வாயில் ஜாக்க ஆகி, ஆங்கிலத்தில் ஜாக் ஆனது.

ஒருமுறை கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், "அப்போ அவங்களும் தப்பாத்தான் சொல்லியிருக்காங்க, சார்" என்றான்.

அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்திய எதையும்விட அந்த ஒரு வரி அந்த வகுப்புக்கு உதவியது. வெளிநாட்டுக்காரன் நம் சொல்லைத் தப்பாகச் சொன்னான், யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தத் தப்பே கடைசியில் அகராதியில் ஏறிவிட்டது. அதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்று சொல்லிவிடுவோமோ என்ற பயம் குறைந்துவிடுகிறது.

வேலை செய்யும் வாக்கியம்

சொல்லைத் தெரிந்துகொள்வது வேறு, நாம் சொன்ன ஒரு வாக்கியத்தால் ஏதோ ஒன்று நடப்பதைப் பார்ப்பது வேறு. இரண்டாவது ஒருமுறை நடந்துவிட்டால் பிள்ளை மறக்காது. மாதத்துக்கு ஒருமுறையாவது அப்படி ஒரு வேலையை வையுங்கள்.

பஹ்ரைன் போன் விஷயம் படித்த பிறகு, போனில் பேசுவது என்று ஒரு வாரம் நடத்தினேன். யார் தாளில் இருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. ஐந்து வாக்கியம்தான். வணக்கம் சொல்வது. அப்பா வெளியே போயிருக்கிறார் என்பது. மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்பது. மறுபடியும் சொல்லுங்கள் என்று கேட்பது. அவர் வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்பது. இதில் "மெதுவாகப் பேசுங்கள்" என்பதும் "மறுபடியும் சொல்லுங்கள்" என்பதும்தான் உயிர் வாக்கியங்கள். புரியாவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளை போனைக் கட் பண்ணாது. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பேச வேண்டும், முகம் பார்க்கக் கூடாது, போனில் பேசுவது போலவே இருக்கும். அந்தப் பையன் மூன்றாம் நாள் தானாக எழுந்து வந்தான். அந்த ஆண்டு அவன் மதிப்பெண் ஒன்றும் எகிறவில்லை, நாற்பதைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஜூனில் அவன் அப்பா பள்ளிக்கு வந்தபோது, "போன் வந்தா இப்போ அவனே எடுக்கான்" என்று சொன்னார்.

மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, மோட்டார் எஞ்சினோடு வரும் புத்தகம், பாட்டியின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று வீட்டில் ஆங்கிலக் காகிதம் இல்லாத வீடு கிடையாது. ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லி, அதில் மூன்று வார்த்தையைக் கண்டுபிடித்து வீட்டில் போய் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.

கன்னியாகுமரிக்கு அழைத்துப் போக முடிந்தால் நல்லது. ஆனால் பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகளைத் துரத்தவிடாதீர்கள். தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, நான்கு நான்கு பேராக ஓர் ஆசிரியரோடு மட்டும் போக வேண்டும். "பேசலாமா?" என்று முதலில் கேட்டு, சரி என்றால் மட்டும் பேச வேண்டும். போவதற்கு முன் பிள்ளைகள் கையில் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்க வேண்டும், "வாட் இஸ் யுவர் நேம்" மட்டும் போதாது. திருவள்ளுவர் சிலை ஏன் 133 அடி என்பது நல்ல விஷயம்: 133 அதிகாரம், அதில் பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி மற்ற இரண்டு பாலுக்கும். சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைச் சொல்லலாம். காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று, காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழுவதைச் சொல்லலாம். வந்தவர்களுக்குத் தெரியாதது நம் பிள்ளைக்குத் தெரியும். சொல்ல ஒரு விஷயம் இருப்பவன் இலக்கணத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை.

பரீட்சையை என்ன செய்வது

பத்தாம் வகுப்பு கிடைத்துவிட்டால் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நூறுக்கு முப்பத்தைந்து எடுக்க வைக்க வேண்டும், மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல் கொடுத்தாக வேண்டும். கொடுங்கள். பாஸ் ஆவதும் ஒரு பிள்ளையின் மானம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடிதம் எழுதும் கேள்வி வருகிறது அல்லவா? மனப்பாடக் கடிதத்தை உருப்போட வைப்பதற்கு முன், ஒரே ஒரு உண்மைக் கடிதம் எழுத வையுங்கள். தெருவிளக்கு எரியவில்லை, பள்ளி விடும் நேரத்துக்குப் பஸ் இல்லை என்று அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். அமைப்பு அதே பரீட்சை அமைப்புதான். தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளையிடம் விடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனிதனின் உள் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள். தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இவர்கள் என்னுடையவர்கள் என்ற உணர்வு. இரண்டு கேள்வி கொடுத்து ஒன்றை எழுதச் சொல்வதுகூட முதலாவதில் சேர்த்தி.

வீட்டுக்குச் சொல்லும் வார்த்தை

பெற்றோரிடம் நீளமாகப் பேச வேண்டாம். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுவதும் உட்கார்ந்து பருப்பெடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்றால், "எனக்கு ஏபிசிடியே தெரியாது சார்" என்று கண் கலங்குவார். இரண்டே விஷயம் கேளுங்கள். தினமும் ஐந்து நிமிடம் பிள்ளை ஆங்கிலத்தில் படிப்பதை உட்கார்ந்து கேட்க வேண்டும். புரிய வேண்டியதில்லை. "நீ வாசி மக்களே, நான் கேக்கேன்" என்றால் போதும். இரண்டாவது, இங்கிலீஷ் மீடியம் படிக்கும் சித்தப்பா பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் வீட்டில் அதிகம் வலித்தது அந்த ஒப்பீடுதான் என்று சொல்லும்.

ஜனவரித் தொய்வு

அரையாண்டு முடிந்து திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு தொய்வு வரும், உங்களுக்கும் வரும். அதற்கு ஜூலையிலேயே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். ஜூலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதை உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். ஜனவரியில் அதே தலைப்பில் மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருந்ததில்லை. இரண்டாவது பதிவு ஓடும்போதே முகம் மாறிவிடும். பதிவுகளை எந்தக் குழுவிலும் போடாதீர்கள், ஆண்டு முடிவில் அழித்துவிடுங்கள்.

பாராட்டும்போது "நீ புத்திசாலி" என்று சொல்லாதீர்கள். புத்திக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் தோல்வி வந்ததும் சீக்கிரம் சோர்ந்துபோனதையும், உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றதையும் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக்கும் அவரோடு வேலை செய்தவரும் 1998-ல் காட்டினார்கள். "போன வாரம் நிறுத்திய இடத்தில் இந்த வாரம் நிறுத்தவில்லை" என்று, நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் ஆங்கிலம்

புதிதாக வருபவர்களில் பலர் என்னிடம் தனியாக வந்து, "எனக்கே சரளமாகப் பேச வராது, சார்" என்பார்கள். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அகராதியை மேசை மேல் வையுங்கள், தெரியாத சொல்லை அவர்கள் முன்னாலேயே பாருங்கள், உச்சரிப்பைப் போனில் போட்டுக் கேட்டு நீங்களும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். டோர்னியே, கட்டா சிசேர் என்பவரோடு சேர்ந்து ஹங்கேரியில் 200 ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்டுப் பத்து நெறிகளாகத் தொகுத்தபோது முதலில் வந்தது, ஆசிரியர் தன் நடத்தையால் எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்பதுதான். தடுமாறிவிட்டுத் தொடர்ந்து பேசும் ஆசிரியரைப் பார்த்த பிள்ளைக்குத் தடுமாறிவிட்டுத் தொடரலாம் என்று தெரியும். தினமும் கால் மணி நேரம் சத்தமாக வாசியுங்கள். பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து எங்கே போனாலும் அரை மணி நேரம் கிடைக்கும்.

மார்ச்சில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் வாரம் வாங்கிய தாள்களை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி வீதம் தனியாக எழுதுங்கள். இவள் ஜோடியாக இருந்தால் பேசுவாள். இவனுக்கு ஃபுட்பால் சொன்னால் போதும். இவளை எழுப்பினால் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். வெட்கப்பட்ட கதைகளை அதில் எழுதாதீர்கள், அது உங்களிடம் சொன்னது. அந்த ஒரு பக்கத்தை அடுத்த ஆண்டு அந்த வகுப்பை எடுக்கப்போகும் ஆசிரியரின் கையில் கொடுத்துவிடுங்கள். தபாலில் போட்ட கடிதத்துக்கு அதற்குள் பதில் வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.